கிறிஸ்தவ வழிபாட்டிசைக் கல்வி

கிறிஸ்தவ வழிபாட்டிசைக் கல்வி என்பது, ஆலயத்தில் பாடுவதையும் பிறரைப் பாடவைப்பதையும் வாழ்நாள் ஊழியமாக ஏற்க விரும்புவோர் பெறும் பயிற்சி. குயர் மாஸ்டர், ஆர்கனிஸ்ட், பாடலாசிரியர், ஆராதனை நடத்துபவர், இறையியல் கல்லூரியில் இசை கற்பிப்பவர் என்று இந்த ஊழியத்துக்குப் பல வடிவங்கள் உண்டு. எந்த வடிவமானாலும் தேவைப்படும் அறிவு மூன்று: வேதம், இசை, சபையின் மக்கள். தமிழ்நாட்டில் இம்மூன்றையும் ஒரே கூரையின் கீழ் கற்றவர்கள் மிகச் சிலர். வேதத்தை உபதேசியாரிடமோ குருமடத்திலோ படித்தவர், இசையை வேறொரு வித்வானிடம் கற்றார். மக்களை ஊர் ஊராக நடந்து அறிந்தார். இத்துறையின் வரலாறு பெரும்பாலும், சிதறிக் கிடந்த மூன்றையும் தம் முயற்சியால் ஒன்றுசேர்த்த தனி மனிதர்களின் வரலாறு.

தொடக்கம் மீனவர்களிடம்தான். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், கையில் மணியை அடித்துக்கொண்டு தெருவில் நடந்து, கூடிய சிறுவர்களுக்கு விசுவாசப் பிரமாணத்தையும் செபங்களையும் தமிழில் உரக்கச் சொல்லிக் கொடுத்தார். சிறுவர்கள் அதை வீட்டில் போய்ச் சொல்ல, பெற்றோரும் கற்றார்கள். எழுத்தறியாத கடற்கரையில் ஓதி மனத்தில் இருத்துவதே கல்வி என்பதை அவர் கண்டுகொண்டார்.

சோழமண்டலக் கரையின் வடக்கில், சென்னையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பழவேற்காட்டுக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. போர்த்துக்கீசியர் 1502இல் அங்கு வந்தார்கள். 1515இல் அவர்கள் மாதாவுக்கு எழுப்பிய ஆலயமே இன்றைய மகிமை மாதா திருத்தலத்தின் மூலம். அங்கு ஒலித்த திருப்பலி லத்தீன் மொழியில் இருந்தது. டச்சுக்காரர் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியபின் வந்தது சீர்திருத்த சபையின் வழிபாடு. அவர்களுக்குச் சங்கீதப் புத்தகமே பாட்டுப் புத்தகம். 1632 முதல் பத்தாண்டு பழவேற்காட்டில் போதகராக இருந்த ஆபிரகாம் ரொஜேரியுஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்தவற்றைக் கொண்டு இந்து சமயத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1651இல் லைடனில் அச்சான அந்த நூல் பர்த்ருஹரியை ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தது. மண்ணின் அறிவைக் கேட்டுப் பதிவு செய்யும் பொறுமை அன்று பழவேற்காட்டில் இருந்தது. ஆனால் ஏரிக்கரை மக்களின் பாட்டைக் கேட்டு வழிபாட்டுக்குள் கொண்டுவரும் வேலை தெற்கே தரங்கம்பாடியிலும் தஞ்சாவூரிலும்தான் நடந்தது.

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய பர்த்தொலொமேயு சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலே நகரப் பக்தி இயக்கத்தில் வளர்ந்தவர். அந்நகரின் ஃப்ரைலிங்ஹவுசன் தொகுத்த பாட்டுப் புத்தகம் 1704இல்தான் வெளிவந்திருந்தது. அந்தப் பாடல் வெள்ளத்திலிருந்து வந்தவருக்குப் பாட்டில்லாத பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகவே தோன்றியிராது. தரங்கம்பாடிப் பள்ளிகளில் ஜெர்மன் மெட்டுக்களில் தமிழ் வரிகள் பாடப்பட்டன. 1715இல் தமிழ்ப் பாட்டுப் புத்தகம் அச்சாயிற்று. 1716இல் உள்ளூர் உபதேசிகளையும் ஆசிரியர்களையும் பயிற்றுவிக்க ஒரு கல்விக்கூடமும் தொடங்கியது. பாடத் தெரிந்த உபதேசி என்ற பதவியின் வேர் இங்கே இருக்கிறது. பின்னர் சென்னை வேப்பேரியில் நீண்ட காலம் ஊழியம் செய்த யோகான் பிலிப் பப்ரிசியுஸ் இந்த ஞானப்பாட்டுகளைச் செம்மைப்படுத்தினார். ஆனாலும் ஒரு சிக்கல் தீரவில்லை. தமிழின் குறிலும் நெடிலும் ஜெர்மன் தாளக்கட்டுக்குள் இயல்பாக உட்கார மறுத்தன. மேலை மெட்டுப் பாமாலையை ஒரு பக்கமும் தமிழ் மரபிசைக் கீர்த்தனையை மறுபக்கமும் வைத்துப் பாடும் இன்றைய சபைப் பழக்கம் அந்தச் சிக்கலின் பிள்ளை.

கீர்த்தனை தஞ்சாவூரில் பிறந்தது. அதன் முதல்வர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). திருநெல்வேலியில் பிறந்த சிறுவனைப் பன்னிரண்டு வயதளவில் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சைக்கு அழைத்து வந்தார். அதே சுவார்ட்ஸின் பராமரிப்பில் வளர்ந்த இன்னொருவர்தான் பின்னாளில் தஞ்சை அரியணை ஏறிய இரண்டாம் சரபோஜி. வேதநாயகம் தரங்கம்பாடியில் இறையியல் படித்தார். தஞ்சையில் பள்ளித் தலைமையாசிரியர் ஆனார். இசையையும் கூத்தையும் அரண்மனை நகரத்தின் காற்றிலிருந்தே எடுத்துக்கொண்டார். குறவஞ்சி, நொண்டி நாடகம் முதலிய மக்கள் வடிவங்களை வேதப் பொருளுக்கு வசப்படுத்தினார். அவருடைய ‘பெத்லகேம் குறவஞ்சி’ பூகோளத்தையும் புதிய வானவியலையும் குறத்தியின் வாயில் வைத்தது. மிஷன் பள்ளியின் பாடத்திட்டமும் தமிழ்க் கூத்தும் ஒரே நூலில் சந்தித்த அரிய நிகழ்வு அது. சாஸ்திரியார் கதாகாலட்சேபமாகப் பாடிக்காட்ட, கேட்டவர்கள் கற்றுக்கொண்டார்கள். வகுப்பறை வேண்டாத பயிற்சி முறை அது. அவருடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாக அதைக் காத்தது.

அவரை வியந்து எழுதுவோர் பலர் தவிர்க்கும் ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். 1820களில் புதிய மிஷனரிகள் ஆலயத்துக்குள் சாதிப் பிரிவினையை ஒழிக்க முனைந்தபோது, சாஸ்திரியார் வேளாளர் தரப்பில் நின்று சாதி வழக்கத்துக்காக வாதாடினார். அவருடைய பாட்டின் உயரமும் இந்த நிலைப்பாடும் ஒரே மனிதருடையவை. தமிழ் வழிபாட்டிசை கற்கும் எவரும் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஏனெனில் சாதியையும் பாட்டையும் பற்றிய அடுத்த நூற்றைம்பது ஆண்டு விவாதம் அங்கேதான் கருக்கொண்டது.

சாஸ்திரியாரின் பாடல்களை வெளியூர்ச் சபைகளுக்குக் கொண்டுசென்றவர் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப். 1853இல் அவர் தொகுத்த கீர்த்தனைத் தொகுதி, மதுரைச் சீமையின் கிராமச் சபைகளில் ராகத்தோடும் தாளத்தோடும் பாடும் வழக்கத்தை ஊன்றியது. தமிழ்க் கீர்த்தனைப் புத்தகத்தில் இன்றும் பாட்டின் தலையில் ராகமும் தாளமும் அச்சிடப்படுகின்றன. அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் அளவு கர்நாடக இசை தெரிந்த குயர் மாஸ்டர் எத்தனை சபைகளில் இருக்கிறார் என்பது கவலை தரும் கேள்வி. திருநெல்வேலிச் சபைகளில் இதற்கு இணையாக இங்கிலாந்தின் ஜான் கர்வன் பரப்பிய சோல்ஃபா முறை வேரூன்றியது. ஐந்து கோட்டு இசைக்குறி படிக்கத் தெரியாதவரும் டோ, ரே, மி எழுத்துகளைக் கொண்டு நான்கு குரலில் பாட முடிந்தது. கிராமத்துப் பாடகர் குழுக்களுக்கு அது பெரிய கதவைத் திறந்தது.

ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) இந்தக் கல்வியை ஆராய்ச்சியின் உயரத்துக்கு ஏற்றினார். தென்காசிப் பக்கத்துச் சாம்பவர்வடகரையில் பிறந்து, திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, அங்கேயே வயலின் கற்று, தஞ்சையில் ஆசிரியராகவும் சித்த மருத்துவராகவும் வாழ்ந்தவர். மருந்தில் ஈட்டிய பணத்தை இசையில் செலவிட்டார். 1912 முதல் தம் சொந்தச் செலவில் தஞ்சையில் இசை மாநாடுகளைக் கூட்டி, இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவருமான வித்வான்களை ஒரே பந்தலில் சுருதியைப் பற்றி வாதாட வைத்தார். 1917இல் வெளிவந்த ‘கருணாமிர்த சாகரம்’ தமிழிசை ஆராய்ச்சியின் அடிப்படை நூல்களில் ஒன்று. பண்டிதர் கற்பிப்பதற்கென்று எழுதிய கீதங்களும் கீர்த்தனைகளும் கிறிஸ்தவப் பொருள் கொண்டவை. சரளி வரிசையிலிருந்து கீர்த்தனை வரை ஒரு மாணவர் ஏறிப்போகத் தேவையான படிகளை, ஒரு கிறிஸ்தவர் கிறிஸ்தவப் பாட்டிலேயே கட்டிவைத்தார். அந்தப் படிகளில் ஏற இறையியல் கல்லூரிகள் மாணவர்களைப் போதிய அளவு அனுப்பவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஈரோட்டில் ஊழியம் செய்த எச். ஏ. பாப்லி என்ற ஆங்கில மிஷனரி இந்திய இசையின் மதிப்பை உணர்ந்தவர். தாமே காலட்சேபம் செய்து, 1921இல் இந்திய இசை பற்றி ஒரு நூலும் எழுதினார்.

கத்தோலிக்கத் திருச்சபையில் திருப்பம் 1963 டிசம்பர் 4 அன்று வந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, குருமடங்களில் இசைக் கல்விக்கு முக்கிய இடம் தரவும், மறைபரப்பு நாடுகளில் மக்களின் சொந்த இசை மரபை வழிபாட்டில் ஏற்கவும் கட்டளையிட்டது. சில ஆண்டுகளில் பலிபீடத்தில் தமிழ் ஒலித்தது. புதிய பாடல்களுக்கும் அவற்றைப் பாடவைப்போருக்கும் திடீர்த் தேவை எழுந்தது. திருச்சியில் அருட்தந்தை எஸ். எம். ஜார்ஜ் 1977இல் தொடங்கிய கலைக்காவிரி அந்தத் தேவைக்குக் கிடைத்த நல்ல விடை. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த நுண்கலைக் கல்லூரியாக அது வளர்ந்தது. இசையும் பரதமும் அங்கே முறையான பட்டப்படிப்புகள்.

சீர்திருத்த சபைகளின் பக்கம், மதுரை அரசரடியில் 1969இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரிதான் பெரிய பரிசோதனைக்களம். ‘பறட்டை அண்ணன்’ என்று மாணவர்கள் அழைத்த ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005) அங்கே ஆசிரியராக இருந்தார். கர்நாடகக் கீர்த்தனை உயர்சாதியின் குரல் என்றும், சபையின் பெரும்பான்மையான தலித் மக்களின் பறையும் கிராமிய மெட்டும் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கின்றன என்றும் அவர் வாதிட்டார். வாதத்தோடு நிற்காமல் முழு வழிபாட்டு முறையையே கிராமிய மெட்டில் எழுதினார். பட்டணத்துக் குரலில் பாடிப் பழகிய மாணவர்கள், வருங்கால ஆயர்கள், நாட்டுப்புறத் தாளத்தில் ஆராதனை நடத்தக் கற்றார்கள். ஒரே உலையில் சமைத்துப் பகிர்ந்து உண்பதை அவர் தம் இறையியலின் மையமாக வைத்தார். அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் அவரைப் பற்றி எழுதிய நூல் 2014இல் வெளிவந்தது. ஊழியத்துக்குப் படிக்கும் இளைஞருக்கு அப்பாவு கற்றுத்தந்த பாடம் இராகத்தைவிட அடிப்படையானது: யாருடைய இசை ஆலயத்துக்குள் வருகிறது என்று முதலில் கேள்.

அந்தக் கேள்வியை மீனவக் குப்பங்களில் கேட்டால் விடை செழிப்பாகவே வரும். வலை இழுக்கும்போதும் துடுப்பு வலிக்கும்போதும் எழுந்த அம்பாப் பாட்டு, ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடும் அமைப்புடையது. சபைப் பாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் தேடினாலும் கிடைக்காது. யாழ்ப்பாணத்துப் பாசையூர், குருநகர் போன்ற கத்தோலிக்க மீனவ ஊர்களிலும் மன்னாரிலும் புனிதர் சரிதங்கள் நாட்டுக்கூத்தாக ஆடப்பட்டன. பகலில் கடலுக்குப் போனவர்களை இரவில் உட்காரவைத்து, மாதக்கணக்கில் பாட்டும் தாளமும் ஆட்டமும் பழக்கியவர் அண்ணாவியார். சான்றிதழ் கொடுக்காத அந்த ஆசிரியரின் வகுப்பு, எந்தக் கல்லூரியின் வகுப்பைக்காட்டிலும் அதிகம் பாடகர்களை உண்டாக்கியது. அதே யாழ்ப்பாண மண்ணில் பிறந்த டி. டி. நைல்ஸ் (1908–1970), ஆசியத் திருச்சபைகளுக்கென்று 1963இல் வெளியான பாட்டுப் புத்தகத்தைத் தொகுத்து, அதற்குத் தாமே பல பாடல்களையும் எழுதினார்.

மேலைநாட்டு இசையைக் கற்கும் வழி சென்னையில் நெடுங்காலமாகத் திறந்திருக்கிறது. 1842இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் கடை மவுண்ட் ரோட்டில் கருவிகளை விற்றதோடு லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வுகளுக்கும் வாசலாக இருந்தது. எட்டாம் கிரேடு வரை ஏறும் அந்தத் தேர்வுகளை எழுதிய ஆலயப் பாடகர்களும் ஆர்கனிஸ்டுகளும் ஏராளம். எழும்பூர்ப் புனித அந்திரேயா ஆலயத்தின் ஆர்கனிஸ்டாகவும் வானொலி இசைக் கலைஞராகவும் விளங்கிய ஹேண்டல் மானுவேல் இந்த மரபின் உச்சம். 2008 முதல் ஏ. ஆர். ரகுமானின் கே. எம். இசைக் கல்லூரியும் பியானோவையும் குழுப்பாட்டையும் முறையாகக் கற்பிக்கிறது. மறுபுறம் சாராள் நவரோஜி, எஸ். ஜே. பெர்க்மான்ஸ் போன்றோரின் பாடல்கள் வானொலி, கேசட் வழியே குக்கிராமம்வரை போய், கேட்டுப் பாடும் புதிய தலைமுறையை உண்டாக்கின. கீபோர்டின் ஆயத்தத் தாளத்தை நம்பிப் பாடும் பழக்கமும் அதன் பின்னே வந்தது. இந்த மாற்றத்தில் கிடைத்தது வேகம். குறைந்தது குரல் பயிற்சி.

பிற நாடுகள் இதைத் தொழிலாக ஒழுங்குபடுத்திவிட்டன. ஜெர்மன் சபைகளில் பகுதிநேர ஊழியருக்கு ‘சி’, முழுநேரத்தாருக்கு ‘பி’, ‘ஏ’ என்று தேர்வுகள் வகுக்கப்பட்டு, அதற்கேற்பப் பதவியும் சம்பளமும் உண்டு. ரோமில் 1911 முதல் திருச்சபை இசைக்கென்றே உயர்கல்விக்கூடம் நடக்கிறது. இங்கிலாந்தில் சிட்னி நிக்கல்சன் 1927இல் ஒன்றைத் தொடங்கினார். ஆசியர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு மணிலாவில் பிரான்சிஸ்கோ பெலிசியானோ 1980இல் நிறுவிய வழிபாட்டிசைக் கழகம். அங்கு படிக்க வருபவர் தம் நாட்டு இசையையே வழிபாட்டுக்குள் கொண்டுவரப் பயில்கிறார்.

இத்தனை வழிகளுக்கும், பழவேற்காடு ஏரிக்குள் தீவாகக் கிடக்கும் பசியாவரம் போன்ற ஊருக்கும் இடையே முதலில் இருப்பது தண்ணீர். அவ்வூரிலிருந்தோ பக்கத்து இடமணியிலிருந்தோ ஓர் இளைஞர் இசை ஊழியத்துக்குப் படிக்க எண்ணினால், ஏரியைக் கடந்து பழவேற்காடு, அங்கிருந்து பேருந்தில் பொன்னேரி, பிறகு மின்சார ரயிலில் சென்னை என்பதே பாதை. பட்டப்படிப்புக்குப் பின் செராம்பூர் முறைமையின் பி.டி. படிக்கலாம், ஆனால் அது முதன்மையாக இறையியல் பட்டம், இசை அதன் ஒரு பகுதி மட்டுமே. கர்நாடக இசைக்கு மாவட்ட அரசு இசைப் பள்ளிகளும் அரசு இசைக் கல்லூரிகளும் இருக்கின்றன. அங்கே வேதம் இல்லை. இரண்டையும் படித்துத் திரும்புபவருக்கு மீன்வரத்து குறைந்த ஏரிக்கரையில் சபை தரக்கூடிய சம்பளமும் சிறியது. ஆகவே பெரும்பாலும் ஆசிரியர் வேலையோ அலுவலக வேலையோ பார்த்துக்கொண்டு, ஞாயிறன்று மட்டும் பாடவைக்கும் வாழ்க்கையே அமைகிறது. சாஸ்திரியாருக்குப் பள்ளிக்கூடமும் பண்டிதருக்கு மருந்துச்சாலையும் சோறு போட்டதுபோல.

இந்த நிலை மாற மறைமாவட்டங்களும் பேராயங்களும் செய்ய வேண்டியது சிறிய காரியம்தான். ஆண்டுதோறும் கடற்கரைச் சபைகளிலிருந்து சில இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, இறையியலுக்கும் இசைக்கும் சேர்த்தே படிப்புச் செலவை ஏற்று, திரும்பி வரும்போது குயர் மாஸ்டர் பதவிக்கு ஊதிய விகிதம் ஒன்றை எழுதிவைக்க வேண்டும். ஆலயக் கட்டடத்துக்கு நிதி திரட்டத் தெரிந்த சபைகளுக்கு இது இயலாத செலவு அல்ல.