ராஜாஜியும் சாத்தூர் எம்.எல்.ஏ.வும்

காமராஜர் என்றதும் விருதுநகர்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1957லும் 1962லும் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது சாத்தூர். முதலமைச்சராக இருந்த காலத்தில் பெரும்பகுதி அவர் சாத்தூர் எம்.எல்.ஏ. அந்த இரண்டு தேர்தல்களுக்கும் நடுவில், 1959இல், ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். அரசாங்கம் எதில் கை வைக்கலாம், எதில் வைக்கக்கூடாது என்பதைத் தமிழ்நாட்டில் இந்த இருவரைப் போல எதிரெதிராக நின்று வாதாடியவர்கள் குறைவு.

சந்தைக்காகப் பேச ஓர் அமைப்பு அதற்கு முன்பே இருந்தது. 1956இல் பம்பாயில் ஏ.டி. ஷ்ராஃப் தொடங்கிய ‘ஃபோரம் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ கட்சி சாராதது, லாப நோக்கற்றது. சொற்பொழிவு, சிறு பிரசுரம், பட்ஜெட் விமர்சனம் என்று அது நடந்தது. பிரசுரத்தால் மட்டும் காரியம் ஆகாது என்று ராஜாஜி நினைத்திருக்க வேண்டும். காங்கிரசின் நாகபுரித் தீர்மானம் கூட்டுப்பண்ணை முறையைக் கொண்டுவரப் போகிறது என்ற அச்சம் விவசாயிகளிடையே பரவியிருந்த நேரத்தில், எண்பது வயதில் கட்சி கட்டினார். அந்தக் கட்சிக்கு 21 கொள்கைகள். அவற்றுக்கு வெளியே உள்ள விஷயங்களில் உறுப்பினர் தம் மனம்போல் பேசலாம், வாக்களிக்கலாம். அவர் எதிர்த்தது பெர்மிட்–லைசென்ஸ்–கோட்டா ராஜ்யத்தை. வெறும் வாய்ச்சொல் என்றும் சொல்ல முடியாது. 1952இல் முதலமைச்சரானதும் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கிக் காட்டியவர் அவர்.

அதே மனிதர்தான் 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கடைசிவரை அதைக் கைவிடவுமில்லை. அரிசிக்கடைக்குள் அரசு வரக்கூடாது, கள்ளுக்கடையை மட்டும் பூட்ட வேண்டும். 1953இல் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைக் கற்கட்டும் என்றார். அது குலக்கல்வி என்று பெயர் பெற்றது. அவருடைய பதவியையும் கொண்டுபோனது.

1954இல் பதவிக்கு வந்த காமராஜர் முதலில் கைவிட்டது அந்தத் திட்டத்தைத்தான். பிறகு ஊர்தோறும் பள்ளி, மதிய உணவு, தொழிற்பேட்டைகள். இதைப் பார்த்து அவரை அரசாங்கமே எல்லாம் என்று நம்பியவராகச் சித்திரிப்பது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலா அரசு நடத்திய பள்ளி அல்ல. ஊரார் வீட்டுக்கு வீடு பிடியரிசி திரட்டி நடத்தியது, வணிகர்கள் தமக்குள் திரட்டிய மகமைப் பணத்தில் வளர்ந்தது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் அவருடைய ஆட்சியில் ஊர்மக்களிடம் கேட்டு வாங்கியதும் அதே வகைக் கொடைதான். மதிய உணவிலும் உள்ளூர்ப் பங்கு இருந்தது. வித்தியாசம் ஒன்றுதான். பிடியரிசி கொடுக்க வசதியுள்ள வணிகர்கள் விருதுநகரில் இருந்தார்கள். வானம் பார்த்த கரிசல்காட்டுக் கிராமங்களில் அப்படி யார் இருந்தார்கள்? ராஜாஜியின் வாதத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

சாத்தூருக்குப் பக்கத்துச் சிவகாசியின் கதையைச் சந்தைவாதிகள் விரும்பிச் சொல்லலாம். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அரசு அவர்களை அனுப்பவில்லை. ஆனால் கதையின் மறுபாதி வரிக் கணக்கில் இருக்கிறது. ஸ்வீடன் முதலீட்டில் இயந்திரம் வைத்துத் தயாரித்த விம்கோவைவிடக் கைத்தீப்பெட்டிக்குக் கலால் வரி குறைவாக இருந்தது. அந்தச் சலுகை இல்லாமல் சாத்தூர், கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ்கள் அத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்குமா என்பது சந்தேகம். ஆக, இந்த வட்டாரத்து முதலாளி அரசை விரட்டவில்லை. தன் பக்கம் நிற்கச் சொன்னார். சுதந்திராக் கட்சி கேட்டது அதுவல்ல.

ஆனாலும் 1967இல் தி.மு.க. கூட்டணியில் நின்ற அந்தக் கட்சி சிவகாசி மக்களவைத் தொகுதியை வென்றது. காமராஜர் சொந்த ஊரான விருதுநகரில் 1,285 வாக்குகளில் தோற்றார். அது சந்தைக் கொள்கைக்கு விழுந்த வாக்கு என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் சேர்ந்து அடித்த அலை அது. 1971இல் ராஜாஜியும் காமராஜரும் ஒரே மேடைக்கு வந்தார்கள்; அவர்களுடைய கூட்டணி தோற்றது. 1974இல் சுதந்திராக் கட்சி வேறொரு கட்சியில் கரைந்தது.

வாதம் கரையவில்லை. பள்ளி விஷயத்தில் காமராஜர் பக்கமே நியாயம் என்பேன். ஊர்தோறும் பள்ளி வந்த பிறகும் விடியுமுன் வேன் வந்து பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு ஏற்றிப்போன வட்டாரம் இது. குழந்தைத் தொழிலாளர் தடைச்சட்டம் 1986இல் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996இல் வந்தது. சந்தை தானாக அந்த வேனை நிறுத்தவில்லை.

லைசென்ஸ் விஷயத்தில் ராஜாஜியைத் தள்ளிவிட முடியாது. இதே வட்டாரத்தின் பட்டாசு ஆலைகளில் ஒரு மருந்து அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்று விதி உண்டு. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளை உள்குத்தகைக்கு எடுத்து வேலை வாங்குபவர்கள் வேறு ஆட்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் விபத்துகள் நிற்கவில்லை. உரிமமே வாடகைக்கு விடும் சொத்தாகிவிடும்போது பெர்மிட் ராஜ்யம் பற்றி அவர் சொன்னது அப்படியே பொருந்துகிறது. ஆனால் அவர் சொன்னபடி உரிமத்தை எடுத்துவிட்டாலும் அறைக்குள் நான்கு பேருக்குப் பதில் பத்துப் பேர்தான் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே வேண்டியது, சொல்லாமல் வந்து ஆட்களை எண்ணிப் பார்க்கும் ஓர் அதிகாரி. அந்த வேலைக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை இரண்டு முகாம்களிலும் யாரும் கேட்பதில்லை.