அறுவைக்குப் பின் வரும் ஆண்டுகள்

ஒரு மருத்துவம் வென்றதா, தோற்றதா என்பதை அறிய எத்தனை காலம் காத்திருக்க வேண்டும்? நுரையீரல் புற்றுநோய் அறுவையின் வரலாற்றைப் படிக்கும்போது இக்கேள்வி நம் முன் மீண்டும் மீண்டும் எழுகின்றது. 1912-இல் லண்டனில் ஹியூ மோரிஸ்டன் டேவிஸ் என்னும் மருத்துவர், ஒரு நோயாளியின் நுரையீரலிலிருந்து புற்று கண்ட மடலை அகற்றினார். அறுவை செம்மையாக நிறைவேறியது. எட்டாம் நாள் நோயாளி இறந்துபோனார். அறுவை முடிந்த மாலையிலேயே கணக்கை மூடியிருந்தால், அது வெற்றியென்றே எழுதப்பட்டிருக்கும்.

இருபத்தோர் ஆண்டுகளுக்குப் பின், 1933 ஏப்ரல் 5 அன்று, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள பார்ன்ஸ் மருத்துவமனையில் எவார்ட்ஸ் கிரஹாம் ஓர் அறுவையைத் தொடங்கினார். நோயாளி ஜேம்ஸ் கில்மோர், பிட்ஸ்பர்க் நகரத்து மகப்பேறு மருத்துவர், வயது 48. அறுவைக்கு முன் அவர் தம் அடக்கத்துக்கான நிலத்தையும் வாங்கி வைத்துவிட்டு வந்தார் என்று சொல்லப்படுகின்றது. ஒரு மடலை மட்டும் எடுப்பதே திட்டம். நெஞ்சைத் திறந்தபின் அது போதாதெனக் கண்ட கிரஹாம், இடது நுரையீரல் முழுவதையும் ஒரே அமர்வில் அகற்றினார். அதற்கு முன் புற்றுநோய்க்காக இவ்வாறு அறுவை செய்யப்பெற்ற எவரும் பிழைத்து வாழ்ந்ததில்லை. கில்மோர் பிழைத்தார், தம் தொழிலுக்குத் திரும்பினார், முப்பது ஆண்டுகள் ஒற்றை நுரையீரலுடன் வாழ்ந்து 1963-இல் மறைந்தார்.

அறுவை செய்தவரின் முடிவு வேறுவகையில் அமைந்தது. கிரஹாம் நெடுங்காலம் புகைப்பழக்கம் உடையவர். 1950-இல் எர்ன்ஸ்ட் வைண்டர் என்னும் இளைஞருடன் இணைந்து, 684 நோயாளிகளை ஆராய்ந்து, புகைத்தலுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துரைத்தார். தாமும் அப்பழக்கத்தைக் கைவிட்டார். ஆயினும் 1957-இல் அதே நுரையீரல் புற்றுநோயே அவர் உயிரைக் கொண்டு சென்றது. மருத்துவருக்குப் பின் ஆறு ஆண்டுகள் நோயாளி வாழ்ந்திருந்தார்.

இந்நிகழ்ச்சி உள்ளத்தைத் தொடுவது. எனினும் ஒருவர் பிழைத்ததைக் கொண்டு ஒரு மருத்துவத்தை அளந்துவிட இயலாது. கில்மோருக்குப் பின் அவ்வறுவைக்கு உட்பட்டோர் பலர் மருத்துவமனையிலேயே உயிர் நீத்தனர். பிழைத்தவர், பிழையாதவர், நோய் திரும்பப் பெற்றவர் ஆகிய அனைவரையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து எண்ணினாலன்றி உண்மை புலப்படாது.

இதனை வற்புறுத்தியவர் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் (1869-1940). ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்து, குணமடைந்தாரா, இல்லையெனில் ஏன் என்பதைப் பின்னாளில் கேட்டெழுத வேண்டும் என்றார் அவர். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை இதற்கு இணங்காமையால் 1914-இல் பதவி துறந்தார். தாமே நடத்திய சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்றுச் சென்ற 337 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார். அவற்றில் 123 பிழைகளையும் மறையாது எழுதினார். உடன் தொழில் செய்வோரின் வெறுப்பே அவருக்குக் கிட்டியது. அவர் அடக்கத்தின்மேல் பெயர் பொறித்த கல் நடப்பட்டது 2014-இல்தான்.

தன் பிழையைத் தானே எழுதிவைக்கும் துணிவு காட்மனுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரும் காணப்பட்டது. கி.பி. 925-இல் மறைந்த அபூபக்ர் அர்-ராஸியின் குறிப்புகளிலிருந்து அவர் மறைவுக்குப் பின் தொகுக்கப்பெற்றது 'அல்-ஹாவீ'. அதில் அப்துல்லாஹ் இப்னு ஸவாதா என்பாரின் காய்ச்சல் பற்றிய குறிப்பொன்று உண்டு. சிறுநீரகத்தில் சீழ்க்கட்டி இருப்பதைத் தொடக்கத்திலேயே உறுதியாகச் சொல்ல இயலாமற்போனதற்குக் காரணம் கூறும் ராஸி, இடுப்புப் பகுதியில் பாரம் தொங்குவது போன்ற உணர்வு உண்டா என்று கேட்கத் தாம் மறந்துவிட்டதை ஒப்புக்கொள்கின்றார். நோயாளியை இறுதிவரை கவனித்ததனால்தான் அந்த மறதியும் அவருக்குத் தெரியவந்தது.

நுரையீரல் அறுவைக்கு மீள்வோம். 1950-இல் எட்வர்ட் சர்ச்சிலும் அவருடன் பணியாற்றியோரும் தம் நோயாளிகளின் முடிவுகளை ஒப்பிட்டு வெளியிட்டனர். தகுந்த நோயாளிகளுக்கு முழு நுரையீரலை எடுக்க வேண்டியதில்லை. மடலை எடுப்பதே போதும் என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. அவர்கள் பணியாற்றியதும் காட்மன் விட்டுச் சென்ற அதே மருத்துவமனையில்தான்.

மடலினும் சிறிய பகுதியை எடுத்தால் போதாதா? 1995-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு 247 நோயாளிகளைப் பின்தொடர்ந்து, சிறிதளவே எடுத்தோருக்கு அதே இடத்தில் நோய் திரும்புவது ஏறத்தாழ மூன்று மடங்கு என்று கண்டது. மடலே எடுக்கப்பட வேண்டும் என்பது விதியாயிற்று. 2022-இல் ஜப்பானிலிருந்து மறுமொழி வந்தது. இரண்டு சென்டிமீட்டருக்கு மிகாத கட்டியுடைய 1,106 பேரை ஏறத்தாழ ஏழாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு அது. மடலின் ஒரு கூறை மட்டும் இழந்தோருக்கு அதே இடத்தில் நோய் திரும்புவது மிகுதியாகவே இருந்தது. ஆயினும் ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தோர் அவர்களில் 94.3 விழுக்காடு, மடலை இழந்தோரில் 91.1 விழுக்காடு. மடலை இழந்தோர் பிற காரணங்களால் மிகுதியாக இறந்திருந்தனர். நோய் திரும்பியதா என்பதை மட்டும் பார்த்து நிறுத்தியிருந்தால் தீர்ப்பு தலைகீழாகியிருக்கும்.

பின்தொடர்தலும் ஆய்வுக்கு அப்பாற்பட்டதன்று. பிரான்சில் அறுவை முடித்த 1,775 பேரில் ஒரு சாராருக்கு எக்ஸ்ரேயும் மருத்துவப் பரிசோதனையும் மட்டும், மறு சாராருக்கு அவற்றுடன் சி.டி. ஸ்கேனும் செய்யப்பட்டன. 2022-இல் வெளியான முடிவின்படி, மொத்த ஆயுளில் இரு சாராரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எனினும் நோய் திரும்புவது முதல் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே மிகுதி. அதன்பின்னும், ஆண்டுதோறும் நூறு பேரில் ஓரிருவருக்குப் புதிதாக மற்றொரு நுரையீரல் புற்று தோன்றக்கூடும். ஆதலால் முதலில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையும் ஸ்கேன் செய்வதே இன்று பரவலான வழக்கம்.

ஆனால் கருவி காட்டாதவையும் உள. அறுவைக்குப் பின் பலருக்கு நெஞ்சுவலி மாதக்கணக்கில் நீடிக்கின்றது. படியேறினால் மூச்சு வாங்குகின்றது. நோய் திரும்பிவிடுமோ என்னும் அச்சம் உறக்கத்தைக் கெடுக்கின்றது. இவற்றைக் கேட்டறிய மருத்துவரின் நாவும் செவியும் வேண்டும். ராஸி கேட்க மறந்ததாக எழுதிவைத்ததும் இத்தகைய கேள்வியைத்தான்.

நலமாய் இருக்கிறோம், இனி எதற்கு மருத்துவமனை என்று எண்ணி வராமல் நின்றுவிடுவோர் உண்டு. கட்டணத்துக்கும் பயணத்துக்கும் வழியின்றி நின்றுவிடுவோரும் உண்டு. அவர்கள் வராதபோது அவர்தம் நலன் மட்டுமா குன்றுகின்றது? இன்று ஒருவரின் நுரையீரலில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று மருத்துவர் தீர்மானிப்பது, முன்னர் அறுவை பெற்று ஆண்டுதோறும் வந்து காட்டிச் சென்றோர் தந்த செய்தியைக் கொண்டுதான். அது அடுத்து வரும் நோயாளிக்காக மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் கேட்டெழுதிக் காப்பது மருத்துவரின் கடமை. அவர்கள் வந்து சேர வழிசெய்வது நம் அனைவரின் கடமை.