அருளும் முழுக்கும்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் நடந்து செல்பவர், சிறிது நேரத்திற்குள்ளேயே பல சமயங்களின் வாயில்களைக் கடந்து விடுவார். ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோவில், அதனையடுத்த தெருக்களில் விவேகானந்த ஆசிரமம், பௌத்த விகாரை, இவற்றினிடையே 1924-ஆம் ஆண்டில் எழுந்த சீயோன் லுத்தரன் ஆலயம். இரயில்வேப் பணிக்கும் எழுத்தர் பணிக்கும் கடல் கடந்து வந்த தமிழர், தம் வழிபாட்டையும் உடன் கொண்டு வந்தனர் என்பதற்கு இவ்வட்டாரமே சான்று.

சில ஆண்டுகளுக்கு முன், ஐந்தாம் படிவ மாணவர்க்கு மாலை வகுப்பில் பக்தி இலக்கியம் கற்பித்துக் கொண்டிருந்தேன். இறைவன் அருள் நம் தகுதி நோக்கி வருவதன்று என்று விளக்கியபோது, மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, கிறித்தவரும் மீட்பு இலவசக் கொடை என்றுதானே சொல்கிறார்கள்? அப்படியானால் ஞானஸ்நானம் எதற்கு?” என்று கேட்டாள். அன்று யான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. இக்கட்டுரையை அவ்விடையின் திருத்தம் எனக் கொள்ளலாம்.

வினா பழமையானது. மனிதன் மீட்கப்படுவது விசுவாசத்தின் வழியாகக் கிருபையினாலேயே, செயல்களினால் அன்று என்பது பவுலடியார் எபேசியர்க்கு எழுதிய நிருபத்தின் கருத்து. ஆயினும் விசுவாசித்து முழுக்குப் பெறுகிறவன் மீட்படைவான் என்று மாற்கு நற்செய்தியின் இறுதி அதிகாரம் இரண்டையும் இணைத்தே பேசுகிறது. சிலுவையில் இயேசுவின் அருகே தொங்கிய கள்வனோ எந்த நீரையும் காணாமலே பேறு பெற்றான். மார்ட்டின் லுத்தர் 1529-இல் வெளியிட்ட தம் பெரிய ஞானோபதேச நூலில் இம்முடிச்சை அவிழ்க்க முயன்றார். முழுக்கு மனிதன் இறைவனுக்குச் செய்யும் செயலன்று, இறைவன் மனிதனுக்குச் செய்யும் செயல். ஆகவே அது கிருபைக்குப் போட்டியாகாது என்பது அவர் கொள்கை. பச்சைக் குழந்தைக்கு முழுக்களிப்பதும் அவருக்கு இதனாலேயே இயைந்தது. பாப்திஸ்து மரபினர் இதனை ஏலார். தானே நம்பி, தானே கீழ்ப்படிந்து இறங்குபவனுக்கே நீர் உரியது என்பர். ஏட்டளவில் வழக்கு இவ்வளவே. தமிழ் மண்ணில் அது வேறு உருவம் கொண்டது.

சீயோன் ஆலயத்தின் வேர் தரங்கம்பாடியில் உள்ளது. லுத்தரின் கொள்கையோடு சீகன்பால்கும் புளுட்சோவும் 1706-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அங்கு வந்திறங்கினர். மறு ஆண்டு மே மாதத்தில் அவர்களிடம் முதன்முதலாக முழுக்குப் பெற்ற ஐவரும் டேனியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். இழப்பதற்கு அவர்களிடம் சாதியுரிமையோ சொத்தோ இல்லை. குலமும் நிலமும் உடைய குடும்பத்தான் ஒருவன் அந்நீரை நாடியபோதுதான் ஊர் அதிர்ந்தது.

ஆசிரியராகிய நாம் மறக்கக்கூடாத நிகழ்ச்சி ஒன்று சென்னையில் 1841-இல் நடந்தது. ஸ்காத்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் நடத்திய பள்ளியில் சாதி இந்துப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் பயின்றனர். நாள்தோறும் விவிலியம் கற்பிக்கப்பட்டது; பெற்றோர் பொறுத்துக் கொண்டனர். சூன் மாதத்தில் இராஜகோபால், வேங்கடராமையா என்னும் இரு மாணவர் முழுக்குப் பெற்றனர். பள்ளி ஏறத்தாழ வெறுமையாயிற்று. பாடம் அதே பாடம், ஆசிரியர் அதே ஆசிரியர். பிள்ளை மனத்துள் எதை நம்பினாலும் குடும்பம் தாங்கிக் கொண்டது; தலையில் விழுந்த நீரைத்தான் அதனால் தாங்க இயலவில்லை. அக்காலத்தில் மதம் மாறியவன் பிதிரார்ச்சித உரிமையையும் இழக்கக் கூடியவனாயிருந்தான். சாதியை விட்டவனுக்கும் சொத்துரிமை உண்டு என்று இந்திய அரசு 1850-ஆம் ஆண்டின் 21-ஆம் சட்டத்தால் உறுதி செய்ய வேண்டியிருந்தது. ஞானஸ்நானம் சட்டமன்றம் வரை சென்ற நாடு நம் முன்னோருடையது!

இப்பின்னணியில்தான் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் வாழ்வை நோக்க வேண்டும். 1827-இல் நெல்லைச் சீமையின் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். கம்பனில் தோய்ந்தவர். 1853-இல் சாயர்புரத்துக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். நம்மைப் போன்றே சம்பளத்துக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கச் சென்றவர் எனலாம். ஐந்தாண்டுகள் கழித்து, 1858-இல், சென்னையில் முழுக்குப் பெற்றார்.

அருள் என்னும் கருத்து அவருக்குப் புதிதா? அன்று என்பதே என் துணிபு. நம்மாழ்வார் பிறந்த தாமிரபரணிக் கரை அவருடையது. சரணாகதி பற்றி வைணவர் நிகழ்த்திய வாதம் உலகச் சமய வரலாற்றிலேயே நுட்பமானவற்றுள் ஒன்று. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டியையோ தாயே கவ்விச் செல்லும். உயிர் தன் முயற்சியால் சிறிதேனும் பற்ற வேண்டுமா, அன்றி முற்றிலும் அவன் அருளா? வேதாந்த தேசிகர் வழி வந்த வடகலையார் முன்னதையும், பிள்ளை லோகாசாரியர் வழி வந்த தென்கலையார் பின்னதையும் வற்புறுத்தினர். ஜெர்மானிய லுத்தரன் அறிஞர் ருடால்ப் ஓட்டோ 1930-இல் இந்தியாவின் அருட்சமயத்தைக் கிறித்தவத்தோடு ஒப்பிட்டுத் தனி நூலே எழுதினார். ‘கிருபை மாத்திரம்’ என்னும் சொற்றொடர் ஐரோப்பியனுக்குப் புரட்சியாக ஒலித்திருக்கலாம். தென்கலையார் வீட்டுத் திண்ணையில் அது பழகிய பேச்சு.

ஆகவே கிருஷ்ண பிள்ளை கடந்த கடல் கொள்கைக் கடல் மட்டுமன்று. தம் குலத்தாருடன் அமர்ந்துண்ணும் இலையை விட்டு எழுந்ததே பெருங்கடல். இதனை மனத்திற் கொண்டு அவர் 1894-இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தைப் படித்தல் வேண்டும். ஐந்து பருவங்களும் 3,600-க்கு மேற்பட்ட பாடல்களும் கொண்ட அக்காப்பியத்துக்கு மூலம் ஜான் பன்யன் 1678-இல் வெளியிட்ட பயண நூல். அதன் தலைவன் மனைவியும் மக்களும் பின்னின்று அழைக்க, காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். ஆங்கிலேயனுக்கு அஃது உருவகம். கிருஷ்ண பிள்ளை போன்றோர்க்கு ஏறத்தாழ நடந்த கதை. இன்னுமொரு வியப்பு: பாப்திஸ்து சபையைச் சேர்ந்தவராகவே எண்ணப்படும் பன்யன், நீர்முழுக்குப் பற்றிய கருத்து வேறுபாடு திருவிருந்துக்குத் தடையாகாது என்று 1673-இல் வாதிட்டவர். அவருடைய யாத்திரிகனின் சுமை வீழ்வது சிலுவையின் முன்னிலையில், நீர்த்துறையில் அன்று.

மறுபக்கமும் உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியோடு தொடர்புடைய ஓ. கந்தசாமிச் செட்டியார், கிறித்துவை வழிபட்டும் முழுக்குப் பெறாமலே வாழ்ந்தவர். தாம் ஏன் திருச்சபையிற் சேரவில்லை என்பதை 1915-இல் மிஷனரிமார் அவையிலேயே எடுத்துரைத்தார். தம் சமூகத்தை விட்டுப் பிரியாமலே கிறித்துவுக்கு அன்பனாயிருப்பது பாவமன்று என்பது அவர் நிலை. கீழ்ப்படியாமை என்றனர் சிலர். எனக்கு அவ்வளவு எளிதாகத் தீர்ப்புக் கூற இயலவில்லை. முழுக்குப் பெற்றவரெல்லாம் முழுதும் கீழ்ப்படிந்தாரா? தஞ்சைச் சபைகளில் சாதி பார்த்துத் தனித்தனியே அமர்ந்து திருவிருந்து உண்டோர் பலர். சாதியை விட்டொழிக்க வேண்டும் என்று பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் ஆணையிட்டபோது, சபையையே விட்டு விலகியவர் உண்டு. ஞானஸ்நானத்தை விட அந்த ஆணை அவர்களுக்குக் கடினமாயிருந்தது.

கிள்ளானில் எம்முடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் ஞாயிறுதோறும் தமிழ்க் கோவிலொன்றின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பார். முழுக்குப் பெறவில்லை. “அம்மா இருக்கும்வரை வேண்டாம் சார், கொள்ளி வைக்க நான் ஒருவன்தான்” என்பார். போதகரும் அவரை வற்புறுத்தவில்லை. தாயாருக்குத் தொண்ணூறு வயது கடந்தது. மகன் முந்திக் கொண்டார். வீட்டு முற்றத்தில் ஓதுவார் திருமுறை பாட, போதகர் வாயிலுக்கு வெளியே வெயிலில் நின்று தம் புத்தகத்தை விரித்து மெல்ல வாசித்துக் கொண்டிருந்தார். உள்ளே வந்து அமரும்படி அவரை அழைத்தது அந்தத் தாய்தான்.