முக எலும்புகளின் வயதுமாற்றம்: பாண்டிநாட்டுச் சான்றுகள்

பல் முளைத்து வளர்ச்சி முடிந்த பின்னும் முக எலும்பு உருமாறிக்கொண்டே இருக்கிறது. கண்குழி மேல்-உள் மூலையிலும் கீழ்-வெளி மூலையிலும் அகலும். மூக்குத் துவாரம் விரியும். மேல்தாடை பின்வாங்கும். பல் விழுந்த இடத்தில் ஈறெலும்பு கரைவதால் பொக்கைவாய்க்காரரின் முகம் உயரம் குறைகிறது. பெண்களுக்கு இம்மாற்றம் நடுவயதுக்குள்ளேயே பெரிதும் நிகழ்ந்துவிடுவதாகவும் ஆண்களுக்குப் பிந்துவதாகவும் சில ஆய்வுகள் கூறுகின்றன. எல்லா எலும்புக்கும் இது பொருந்துமா என்பதில் ஒருமித்த கருத்தில்லை.

பாண்டிநாட்டில் இதற்கான சான்றுகள் முதுமக்கள் தாழிகளிலிருந்து கிடைத்தவை. ஆனால் தாழிக்குள் மண் இறங்கி நிறையும்போது மூக்கெலும்பும் கன்னத்து மெல்லிய தகடுகளும் முதலில் நொறுங்கிவிடும். தடித்த மண்டையோடு தாங்கி நிற்கும். முகம் முழுதாகக் கிடைத்த மண்டையோடு அரிதாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

அதிகம் எழுதப்பட்டது ஆதிச்சநல்லூரைப் பற்றித்தான். தாமிரபரணிக் கரையில் உள்ள அந்தப் பரம்பில் 1876இல் ஜெர்மானியர் ஜாகோர் தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுசென்றார். 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீ விரிவாக அகழ்ந்தார். பொன் நெற்றிப்பட்டங்களும் இரும்புக் கருவிகளும் பேசப்பட்ட அளவுக்கு அவற்றோடு கிடந்த எலும்புகள் அப்போது பேசப்படவில்லை. 1903இல் பிரெஞ்சு அறிஞர் லாப்பிக் வந்தார். 1930இல்தான் சாலி ஜுக்கர்மன் அம்மண்டையோடுகளை ஆராய்ந்து எழுதியதைச் சென்னை அரசு அருங்காட்சியகம் வெளியிட்டது. தாழிகளில் புதைக்கப்பட்டவர்கள் எந்த இனம் என்பதே அக்காலத்தின் தலையாய கேள்வி. அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அதற்கு முன்பே உயிரோடிருந்தவர்களின் தலையையும் மூக்கையும் அளந்து சாதிவாரியாகப் பட்டியலிட்டிருந்தார். மூக்குத் துவாரமே வயதோடு விரியும்போது, வயதைப் பிரிக்காத மூக்களவை இன அடையாளமாகக் கொள்வது நியாயமாகாது. ஆதிச்சநல்லூரார் பல இனங்கள் கலந்த கூட்டம் என்பாரும் உண்டு; இத்தகைய இனவகைப் பகுப்பையே அமெரிக்க மானிடவியலர் கென்னத் கென்னடி பின்னாளில் மறுத்தார்.

சி.டி. ஸ்கேன் வந்தபின் கேள்வி இனத்திலிருந்து வயதுக்கு மாறியது. 2011இல் ராபர்ட் ஷாவும் உடனாய்வாளர்களும் 120 பேரின் (60 ஆண், 60 பெண்) முக எலும்புகளை 20–40, 41–64, 65க்கு மேல் என மூன்று வயதுப் பிரிவுகளில் ஒப்பிட்டனர். தாடைக்கோணம் வயதோடு விரிகிறது என்பது அவர்கள் முடிவு. பல்லிழப்புதான் அதற்குக் காரணமா, முதுமைதானா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இத்துறையின் அளவீடுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. கிழக்காசியரிடமும் ஆய்வுகள் நடந்துள்ளன. தென்னிந்தியருக்கு அதே கணக்கைப் பொருத்தும்போது எச்சரிக்கை தேவை.

பாண்டிநாட்டின் அண்மைக்காலச் சான்று மதுரைக்கு அருகே, அகழாய்வு நடந்த கீழடிப் பகுதியில் கிடைத்தது. கீழடியை அடுத்த கொந்தகை அதன் இடுகாடாகக் கருதப்படுகிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2020இல் ஆறாம் கட்ட அகழாய்வில் அங்கும் தாழிகளைத் திறந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழக மரபணுவியலர் ஜி. குமரேசன் குழுவினர் வழியாக அங்கு கிடைத்த இரு ஆண் மண்டையோடுகளின் ஸ்கேன் பதிவுகள் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக முகமீட்பு ஆய்வகத்துக்குச் சென்றன. 2025இல் மீட்டுருவாக்கிய முகங்கள் வெளியாயின. கீழ்த்தாடை கிடைக்காததால் அதைக் கணக்கிட்டே வரைந்தனர். எனவே அம்முகங்களில் வாய்க்குக் கீழுள்ள பகுதிதான் மிகுந்த ஐயத்துக்குரியது.