கருவிலேயே தெரிந்துவிட்ட இழப்பு... ஸ்கேன் அறைக்கு வெளியே என்ன செய்வது?

ஐந்தாவது மாத ஸ்கேன். 'இதோ கை, இதோ கால்' என்று காட்டிக்கொண்டிருந்த டாக்டர் சட்டென்று அமைதியாகிறார். கருவியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நகர்த்துகிறார். 'ஹஸ்பெண்ட் வந்திருக்காராம்மா? உள்ளே கூப்பிடுங்க' என்கிறார். அடுத்த பத்து நிமிஷம் அவர் பேசுவதில் பாதிகூட உங்கள் காதில் ஏறாது. யாருக்குமே ஏறாது. அதனால் அன்றைக்கே எந்த முடிவையும் எடுக்காதீர்கள். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். ஓரிரு நாளில், கேள்விகளைப் பேப்பரில் எழுதிக்கொண்டு திரும்பப் போங்கள்.

முதல் கேள்வி, 'இது எவ்வளவு உறுதி?' என்பதாக இருக்கட்டும். 18 - 20 வாரங்களில் எடுக்கும் அனாமலி ஸ்கேனில் தெரியும் எல்லாக் குறைபாடும் உயிரைப் பறிப்பதில்லை. மண்டை ஓடும் மூளையின் பெரும்பகுதியும் உருவாகாத அனென்செஃபலி, இரண்டு சிறுநீரகங்களுமே உருவாகாத நிலை போன்றவற்றில் குழந்தை பிறந்தாலும் சில மணி நேரம், சில நாள்தான். எட்வர்ட்ஸ், பட்டாவ் சிண்ட்ரோம் எனப்படும் குரோமோசோம் பிரச்னைகளில் பெரும்பாலான குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்ப்பதில்லை. சில குழந்தைகள் அதைத் தாண்டியும் இருக்கிறார்கள். இந்த வித்தியாசம் முக்கியம். ஃபீட்டல் மெடிசின் நிபுணர் ஒருவரிடம் இரண்டாவது கருத்து கேளுங்கள். குரோமோசோம் சந்தேகம் என்றால் பனிக்குட நீரை எடுத்துச் செய்யும் பரிசோதனை உறுதிப்படுத்தும்.

சட்டம் என்ன சொல்கிறது?

'அஞ்சு மாசம் தாண்டிடுச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது பழைய கதை. 2008-ல், இதயக் குறைபாடுள்ள கருவைக் கலைக்க அனுமதி கேட்டு மும்பை உயர் நீதிமன்றம் போன ஒரு தம்பதிக்கு அனுமதி கிடைக்கவில்லை. அப்போது வரம்பு 20 வாரம். 2021-ல் கருக்கலைப்புச் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, கருவில் தீவிரக் குறைபாடு உள்ளிட்ட குறிப்பிட்ட காரணங்களுக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். 24 வாரத்துக்குப் பிறகும், கடுமையான குறைபாடு என்று அரசு அமைத்த மருத்துவக் குழு உறுதிசெய்தால் கலைக்கலாம். விண்ணப்பம் வந்த 3 நாளுக்குள் அந்தக் குழு முடிவு சொல்ல வேண்டும்.

18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவருடைய சம்மதம் மட்டும் போதும். கணவர், மாமியார் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. உங்கள் விவரங்களை மருத்துவமனை வெளியே சொல்லக் கூடாது.

கலைக்க மனசு வரவில்லையா? அதுவும் உங்கள் முடிவுதான். சிலர் பிரசவம்வரை சுமந்து, இருக்கும் கொஞ்ச நேரம் குழந்தையை மடியில் வைத்திருக்க விரும்புவார்கள். அப்படியென்றால், வென்டிலேட்டர் வேண்டுமா, வலி தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதுமா என்று குழந்தைகள் நல மருத்துவரிடம் முன்பே பேசி, கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். பிரசவ வலியில் இருக்கும்போது இதையெல்லாம் பேச முடியாது.

அந்த நாளும் அதற்குப் பிறகும்

'பார்க்காதம்மா, மனசு தாங்காது' என்று குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துப் போய்விடுவது நம் ஊரில் சகஜம். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் பார்ப்பதா வேண்டாமா என்பதை அம்மாவும் அப்பாவும்தான் முடிவு செய்ய வேண்டும். பார்க்க, தூக்க, பாதத்தின் மைத்தடம் எடுத்துவைக்க விரும்பினால் நர்ஸிடம் முன்னாடியே சொல்லிவையுங்கள். பிரேதப் பரிசோதனை, மரபணு சோதனை பற்றியும் அப்போதே கேளுங்கள். அடுத்த குழந்தைக்கு இந்தப் பிரச்னை வருமா என்பதற்கு அதில் பதில் கிடைக்கலாம். அடக்கம் செய்த பிறகு அந்த வாய்ப்பு இல்லை.

பலரிடமும் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று உண்டு. குழந்தை இல்லாவிட்டாலும் இரண்டு, மூன்று நாளில் பால் சுரக்கும். அந்த நேரத்தில் மார்பு கனத்து வலிப்பது உடம்புக்கும் மனசுக்கும் பெரிய அடி. பாலை நிறுத்த மாத்திரை உண்டு, டிஸ்சார்ஜுக்கு முன்பே கேளுங்கள். மகப்பேறு விடுப்புக்குத் தகுதியுள்ள பெண்ணுக்கு, கருக்கலைப்பானாலும் 6 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. மருத்துவச் சான்றைக் கொடுத்தால் போதும்.

அப்புறம், போன். 'உங்கள் பாப்பா இப்போ மாங்காய் சைஸ்' என்று வாரா வாரம் நோட்டிஃபிகேஷன் அனுப்பும் ஆப்பை நீங்களே நீக்க வேண்டாம், தங்கையிடமோ தோழியிடமோ போனைக் கொடுத்து நீக்கச் சொல்லுங்கள். வளைகாப்புக்குச் சொல்லிவைத்த சொந்தங்களுக்கும் அவர்களே தகவல் சொல்லட்டும். 'கிரகணத்துல வெளியே போனியா, பப்பாளி சாப்பிட்டியா' என்று கேட்பவர்கள் வருவார்கள். அனென்செஃபலியை எடுத்துக்கொண்டால், மூளையாகவும் தண்டுவடமாகவும் மாற வேண்டிய குழாய், கரு உருவாகி 28 நாளுக்குள் மூடிவிட வேண்டும். பலருக்குக் கர்ப்பம் என்று உறுதியாவதே அந்தச் சமயத்தில்தான். ஐந்தாம் மாதம் நீங்கள் எங்கே போனீர்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கணவரையும் யாராவது கேளுங்கள். பில் கட்டுவது, குழிக்கு ஏற்பாடு செய்வது, மனைவியைத் தேற்றுவது என்று ஓடுபவரிடம் 'நீ எப்படி இருக்கே?' என்று கேட்க வீட்டில் ஆளிருக்காது. தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலை இருவரில் யாருக்கு வந்தாலும் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு அழைக்கலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது.

அடுத்த குழந்தை பற்றி யோசிக்கும்போது, முந்தைய கருவில் அனென்செஃபலி போன்ற நரம்புக்குழாய்க் குறைபாடு இருந்திருந்தால், வழக்கமான ஃபோலிக் ஆசிட் அளவு போதாது. வழக்கத்தைவிடப் பத்து மடங்கு அளவில், கர்ப்பமாவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே, டாக்டர் சீட்டுடன் தொடங்க வேண்டும். பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகளைக் கோபத்தில் கிழித்துப் போடாதீர்கள். அந்த டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.