ஈயமும் கரும்பும்

பழைய அம்பாசிடரிலோ ஃபியட்டிலோ பெட்ரோல் ஒழுகுவதை முதலில் கண்டுபிடிப்பது மூக்குதான். காலையில் வண்டியைச் சுற்றி வாடை அடிக்கும், குனிந்து பார்த்தால் தரை காய்ந்து கிடக்கும். மெதுவாகக் கசியும் பெட்ரோல் கீழே விழுவதற்குள் ஆவியாகிவிடுகிறது. கடலூர், சிதம்பரம் பக்கத்து மெக்கானிக்குகள் வண்டிக்கு அடியில் படுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்கள்: “ஃபுல் டேங்க் போட்டா மட்டும் வாடை வருதா சார், இல்ல எப்பவுமே வருதா?”

நாங்கள் பைனரி சர்ச் என்று பெயர் வைத்து நேர்முகத் தேர்வில் கேட்கிற விஷயம் இதுதான். ஒரே கேள்வியில் பாதி டேங்க் கழிந்துவிட்டது. நிரப்பினால் மட்டும் வாடை என்றால் கோளாறு மேலே இருக்கிறது: மூடியிலிருந்து டேங்குக்கு இறங்கும் ரப்பர் குழாய் வெடித்திருக்கும், அல்லது அளவு காட்டும் மிதவையின் கேஸ்கட் காய்ந்திருக்கும். எப்போதும் வாடை என்றால் அடித்தகடு. துடைத்துவிட்டு சாக்பீஸ் பொடியைத் தடவி வைப்பார்கள். பொடி எங்கே ஈரமாகிறதோ அங்கே ஓட்டை. பெரும்பாலும் அது இரண்டு தகடுகளைச் சேர்த்த விளிம்பில் இருக்கும், அல்லது டேங்கைத் தாங்கும் இரும்புப் பட்டைக்கு மேலே. பட்டைக்கு இடையில் சேறு சேரும். கடற்கரை ஊரில் சேற்றோடு உப்பும் சேரும்.

இது வெளியிலிருந்து வரும் துரு. உள்ளிருந்து வரும் துருவின் கதை கொஞ்சம் நீளம்.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கார் டேங்குகளை டெர்ன் தகட்டில் செய்தார்கள். எஃகுத் தகட்டின்மேல் ஈயமும் கொஞ்சம் வெள்ளீயமும் கலந்து பூசியது. எளிதாக வளையும், பற்றவைக்கலாம், பெட்ரோலோடு சண்டை போடாது. உள்ளே ஊற்றிய பெட்ரோலிலும் ஈயம் இருந்தது. 1921இல் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி, டெட்ராஎதில் லெட் என்ற ஈயச் சேர்மம் எஞ்சின் இடிப்பை அடக்கும் என்று கண்டுபிடித்தார். ஆல்கஹாலும் அதே வேலையைச் செய்யும் என்பது அவருக்குத் தெரியும். ஈயத்துக்குக் காப்புரிமை வாங்கலாம், ஆல்கஹாலுக்கு முடியாது என்பது வரலாற்றாசிரியர்கள் சிலர் காட்டும் காரணம். அந்த ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கிறது என்று உலகம் ஒப்புக்கொள்ள அரை நூற்றாண்டு ஆனது. இந்தியாவில் 1995இல் நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க. பெட்ரோலிலிருந்து ஈயம் போனது. ஓடிக்கொண்டிருந்த வண்டிகளின் டேங்கிலிருந்து போகவில்லை.

மிட்ஜ்லி ஒதுக்கிய ஆல்கஹால் கடலூர் மாவட்டத்துக்கு அந்நியமில்லை. நெல்லிக்குப்பத்தில் 1842இல் தொடங்கிய பாரி ஆலை நாட்டின் மிகப் பழைய சர்க்கரை ஆலைகளில் ஒன்று. கம்பெனி பெயரில் முன்னால் நிற்கும் இ.ஐ.டி. என்பது ஈஸ்ட் இண்டியா டிஸ்டில்லரீஸ். சர்க்கரை நமக்கு நினைவிருக்கிறது, வடிசாலையை மூன்று எழுத்துக்குள் மறந்துவிட்டோம். (1824இல் காலராவில் இறந்து கடலூரில் புதைக்கப்பட்ட தாமஸ் பாரி இந்த ஆலையைப் பார்த்ததேயில்லை.) சிதம்பரம் பக்கம் வந்தால் சேத்தியாத்தோப்பில் எம்.ஆர்.கே. கூட்டுறவு ஆலை. ஒரு டன் கரும்பில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து சுமார் 10 லிட்டர் எரிசாராயம் கிடைக்கும். அதை பெட்ரோலில் கலக்கும் யோசனையும் பழசு. 1948லேயே இந்தியாவில் பவர் ஆல்கஹால் சட்டம் ஒன்று இருந்தது. 2000இல் அதை ரத்து செய்தார்கள். மூன்றே வருடத்தில், 2003 ஜனவரியில், தமிழ்நாடு உட்பட 9 மாநிலங்களில் 5 சதவீத எத்தனால் கலக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது! 2022இல் 10 சதவீதம். 2030க்கு வைத்த 20 சதவீத இலக்கை 2025இலேயே தொட்டாயிற்று.

கரும்பு நிலுவை என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்த ஊர்கள் இவை. எண்ணெய் நிறுவனம் ஆலைக்குச் சீக்கிரம் பணம் தரும், ஆலை விவசாயிக்குத் தரும் என்ற கணக்கை நான் கிண்டல் செய்ய மாட்டேன். ஆனால் இன்று கலக்கும் எத்தனாலில் பாதிக்கு மேல் மக்காச்சோளம், அரிசி போன்ற தானியங்களிலிருந்து வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எத்தனால் தண்ணீரை விரும்பும். பாதி காலியான டேங்க் பகலில் சூடாகி மூச்சை விடும், இரவில் குளிர்ந்து ஈரக்காற்றை இழுக்கும். ஐப்பசி மழையில் பல வாரம் நின்ற வண்டிக்குள் இது தினமும் நடக்கிறது. கலவை ஓரளவு தண்ணீரைத் தாங்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும், டேங்கின் பலவீனமான விளிம்பு எங்கே இருக்கிறதோ அங்கேயே. ஒன்று சொல்லிவிடுகிறேன்: 20 சதவீதக் கலவை நல்ல தகட்டை ஒரே மாதத்தில் துளைத்துவிடாது. ஏற்கெனவே அரித்த இடத்தை அடைத்து வைத்திருந்த பழைய படிவத்தை அது கரைத்துக் கிளப்பும். ஓட்டை அங்கேதான் இருந்தது, இப்போது ஒழுகுகிறது.

பிரேசில் இதை முன்பே பார்த்தது. 1975இல் எத்தனால் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, 1979இல் முழு எத்தனாலில் ஓடும் ஃபியட் 147 வந்தபோது, டேங்கும் கார்பரேட்டரும் வேறு பூச்சோடு வரவேண்டியிருந்தது. எரிபொருளை மாற்றினால் பாத்திரத்தையும் மாற்ற வேண்டும் என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். நம் ஊரிலும் 2023 ஏப்ரலிலிருந்து வரும் புது வண்டிகளின் பாகங்கள் 20 சதவீதத்தைத் தாங்கும்படி செய்யப்படுகின்றன. அதற்கு முந்தியவற்றுக்கு? 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டையும் மாற்ற வேண்டியிருக்கலாம், செலவு அதிகமில்லை என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் சொன்னது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் பங்கில் கிடைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கேஸ்கட் சரி, மாற்றலாம். டேங்க் யார் கொடுப்பார்கள்? அம்பாசிடர் செய்த உத்தரபாரா ஆலை 2014இலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது.

ஆகவே டிங்கர் கடைதான். அவசரத்துக்கு பார் சோப்பைத் தேய்த்து அடைப்பது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம், பெட்ரோலில் சோப்பு கரையாது. சிதம்பரத்தில் தேய்த்தால் சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி கடலூர் வரை தாங்கும். வழியில் மழை பிடித்தால் நுரைதான். எம்-சீல் இன்னும் சில வாரம் ஓட்டும். சரியான வேலை என்றால் டேங்கைக் கழற்ற வேண்டும். காலி டேங்க்தான் ஆபத்தானது: காற்றில் பெட்ரோல் ஆவி ஒன்றரை சதவீதம் இருந்தாலே ஒரு பொறி போதும். சோப்புத் தண்ணீரில் பலமுறை அலசி, ஓட்டை மேலே வரும்படி திருப்பி வைத்து, அதன் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, அதன்பிறகே சூட்டுக்கோலை எடுப்பார்கள். பழைய ஆட்கள் வைப்பது ஈயப்பற்று. எத்தனால் கூடக்கூட ஈயத்துக்கும் அதற்கும் ஒத்துவராது என்பது கடைக்காரருக்கும் தெரியும். “போட்டுத் தர்றேன் சார். ஆனா வண்டிய நிறுத்தியே வைக்காதீங்க. வாரத்துக்கு ரெண்டு தடவ ஓட்டுங்க, டேங்க்க காலியா விடாதீங்க.”