விளிம்பில் ஒரு பெயர்

பழைய ராணுவப் பதக்கம் கையில் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது விளிம்பைத்தான். 1914-18 யுத்தத்திற்குப் பிரிட்டிஷ் சர்க்கார் கொடுத்த பதக்கத்தில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் அங்கே பொறித்திருக்கும். முன்பக்கம் ஐந்தாம் ஜார்ஜ். பின்பக்கம் குதிரைமேல் ஒரு நிர்வாண மனிதன். கம்பம் பள்ளத்தாக்கின் சம்சாரிக்கு இந்த அம்மணக்காரன் யாராகத் தெரிந்திருப்பான்?

சிப்பாய்களுக்கு வெள்ளி. மூட்டை சுமந்த கூலிப்படைக்காரர்களுக்கு அதே அச்சில் வெண்கலம் - சீனர், மால்டாக்காரர், இந்தியர் எல்லோருமாகச் சேர்த்து ஏறக்குறைய 1,10,000. அவமதிப்புதான், சந்தேகமில்லை. ஆனால் வெள்ளி உருகிவிடுகிறது. 1980இல் வெள்ளி விலை ஏறியபோது இங்கிலாந்திலேயே ஏராளமாக உருக்கினார்கள். தேனியில் ஒரு பழைய பாத்திரக்கடையில் நான் பார்த்தது வெண்கலம். உருக்கிப் பிரயோஜனமில்லை என்று மூலையில் கிடந்தது. கூலிக்காரன் பெயர் தப்பித்திருக்கிறது. ஹவில்தார் பெயர் எந்தக் கொலுசில் தேய்கிறதோ.

இரண்டாம் யுத்தத்தின் பர்மா நட்சத்திரத்தை இந்தியச் சிப்பாய்களுக்கும் கொடுத்தார்கள். 1980களில் போடியில் ஒரு வீட்டு டிரங்குப்பெட்டியில் அதன் நாடாத் துண்டு மட்டும் இருந்தது: கருநீலம், நடுவே அகன்ற சிவப்பு, இரு பக்கமும் ஆரஞ்சுக் கோடு. ஆள் பர்மா யுத்தத்தில் இருந்தவன் என்பதுவரை நிறம் சொல்லும். பெயரைப் பாட்டியிடம் கேட்டேன். புருஷன் பெயரை எப்படிச் சொல்வாள்? திண்ணையில் இருந்த பேரனைக் கைகாட்டினாள். அவனுக்குத் தாத்தா பெயர்தானாம். அவனையும் அவள் 'சாமி' என்றுதான் கூப்பிட்டாள்.